அளக்காத மாடி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். பத்தேகாலுக்கு வேலங்காட்டுப்பாளையம் சமுதாயக் கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். பத்தே முக்காலுக்கு நிற்க இடமில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் வீட்டு வரியைப் பற்றிக் கேட்க வந்தவர்கள். மீதிப் பேர் வேறு எதையாவது கேட்க இதை விட்டால் சந்தர்ப்பம் வாய்க்காது என்று வந்தவர்கள். ஏழாவது வார்டு கவுன்சிலர் ஜாஹிதாவுக்கு, மைக்கைத் தட்டிப் பார்க்கும்போதே அது விளங்கிவிட்டது.

மதுக்கரைக்கும் போத்தனூருக்கும் நடுவில் கிடக்கிற பேரூராட்சி அது. பதினைந்து வார்டு. சொத்து வரியை முப்பது சதவீதம் ஏற்றலாம் என்று தீர்மானம் தயாராகி, வார்டு வார்டாக மக்கள் கருத்தைக் கேட்டுவிட்டு, அடுத்த மாதக் கூட்டத்தில் ஓட்டுக்கு விடுவதாகப் பேச்சு. கருத்துக் கேட்பதற்குச் செயல் அலுவலர் மானசாவே நேரில் வந்திருந்தாள். முப்பத்தோரு வயது. மாற்றலாகி வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. வார்டுக் கூட்டங்களில் இது அவளுக்கு ஆறாவது. முந்தைய ஐந்திலும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது.

அவள் படம் போட்டுக் காட்டக் கொண்டுவந்திருந்த மெஷின், கூடத்துப் பிளக்கில் சொருகினதும் ஒரு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. அதற்குப் பிறகு எரியவே இல்லை. மானசா காகிதத்தைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தாள். இரண்டாவது வரி முடியுமுன்பே முத்தாத்தாள் எழுந்துவிட்டாள்.

முத்தாத்தாளுக்கு நாலு மாடு, ஓட்டு வீடு, வார்டிலேயே பெரிய குரல்.

"ஏனுங் அம்மணி, பன்னண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி உடறீங்க. நாலு கொடம் புடிக்கறதுக்குள்ள அதும் நின்னு போகுது. முப்பது சதவீதம் ஏத்துனா பன்னண்டு நாளு எட்டு நாளாகுமுங்களா?"

"தண்ணி வரி வேறங்க, ஊட்டு வரி வேறங்க" என்றாள் மானசா.

"ரெண்டையும் ஒரே ஜன்னல்லதான கண்ணு வாங்கறீங்க?"

கூடம் சிரித்தது. மானசா சிரிக்கவில்லை. பணம் வந்தால்தான் சாக்கடை வேலைக்கு அரசு மானியம் கிடைக்கும் என்றாள். எந்தச் சாக்கடை என்று ஒருவர் கேட்டார். இன்னும் கட்டாத சாக்கடை என்று இன்னொருவர் பதில் சொன்னார். அங்கிருந்து பேச்சு சாக்கடையோரம் குட்டி போட்ட நாய்க்குப் போனது. நாயை யார் பிடிப்பது என்பதில் இருபது நிமிடம் போயிற்று. டீக்கடை முகமது யூசுப், எதிர்வீட்டுத் தென்னை மரம் தன் தகரக் கூரை மேல் காய் போடுவதைப் பேரூராட்சி ஏன் தடுக்கவில்லை என்று கேட்டார். எதிர்வீட்டுக்காரரும் கூட்டத்தில் இருந்தார். அது ஒரு பத்து நிமிடம்.

"வரியப் பத்திப் பேசுங்க, வரியப் பத்திப் பேசுங்க" என்று ஜாஹிதா மைக்கில் சொல்லிச் சொல்லி அலுத்தாள். யாரும் கேட்டபாடில்லை. பத்தொன்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தவள் அவள். அந்தப் பத்தொன்பது பேரில் யாரை அதட்டினால் அடுத்த தடவை தோற்போம் என்று தெரியாததால், எல்லாரையும் பணிவாகவே அதட்ட வேண்டியிருந்தது.

கடைசியில் நரசிம்மலு எழுந்தார். கூடம் தானாகவே அமைதியானது. அறுபத்தெட்டு வயது, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வீட்டு உரிமையாளர் சங்கத்தின் தலைவர். ஊருக்கு மேற்கே இருக்கிற நூல் மில் அவர்கள் குடும்பத்தினுடையது. மில் நின்று பன்னிரண்டு வருடமாகிறது. தேர்தலின்போது ஜாஹிதாவுக்காக அவர் தெருமுனையில் நின்று நாலு வார்த்தை பேசினார். அந்தப் பத்தொன்பது ஓட்டும் அந்த நாலு வார்த்தையால் வந்ததுதான் என்று ஊரில் சொல்வார்கள். அவரும் அதை மறுத்ததில்லை.

"இந்த ஊர்ல கூலிக்காரங்க இருக்காங்க. தறி ஓட்டறவங்க இருக்காங்க. முத்தாத்தாளு மாதிரி மாட்ட நம்பிப் பொழைக்கறவங்க இருக்காங்க. இவிய தலைல கை வெச்சு ஏனுங்க நகரத்த வளர்க்கோணும்? ஒத்தப் பைசா ஏத்தக்கூடாது. நம்ம கவுன்சிலர் அம்மணியும் ஏத்த மாட்டேன்னு இங்கயே சொல்லிப்போடட்டும்."

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. எல்லார் கண்ணும் ஜாஹிதா மேல். அவள் வாயைத் திறப்பதற்குள் யூசுப்பின் கடையிலிருந்து டீ வந்து அவளைக் காப்பாற்றியது.

பாத்திரங்கள் அடுக்கியிருந்த பின்னறையில் மானசா தனியாக நின்று வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஜாஹிதாவைப் பார்த்ததும் கதவைச் சாத்தினாள்.

"மேடம், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நம்ம ஊர்ல கரண்ட் கனெக்‌ஷன் நாலாயிரத்துச் சில்லறை இருக்குது. சில ஊட்டுல ரெண்டு மீட்டர் இருக்குதுன்னு கழிச்சாலும் மூவாயிரத்து ஐநூறு கட்டடம் இருக்கோணும். வரிப் பதிவேட்டுல இருக்கறது ரெண்டாயிரத்து எழுநூறு. இருக்கறதும் பழைய அளவு. பதினாலு வருஷமா யாரும் டேப்பு புடிச்சு அளக்கலைங்க. அளந்தாலே போதும். இந்த முப்பது சதவீதமே தேவைப்படாது."

ஜாஹிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க? ஒன்றரை மணி நேரமா நாயப் பத்திப் பேசிட்டிருந்தமே!"

"சொன்னேனுங்க. ஜூன் மாசக் கூட்டத்துல தீர்மானமா வெச்சேன். 'ஒத்திவைக்கப்பட்டது'ன்னு எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டீங்க." மானசா ஒரு மடக்கு வெந்நீர் குடித்தாள். "உங்க கையெழுத்து நாலாவதா இருக்குதுங்க மேடம்."

ஜாஹிதாவுக்கு அந்த ஜூன் மாதக் கூட்டம் ஞாபகம் வந்தது. மகள் ஹிபாவுக்குக் கல்லூரியில் பணம் கட்டக் கடைசி நாள். நோட்டுப் புத்தகம் கைக்கு வந்தது, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள், ஆட்டோ பிடித்தாள். எதற்குப் போட்டோம் என்று கேட்கக்கூட இல்லை. இதுவரை ஊர் மேலும் அதிகாரி மேலும் இருந்த எரிச்சல் முழுக்கத் திரும்பி அவள் மேலேயே விழுந்தது.

கூடத்துக்கு வந்து மைக்கைக் கையிலெடுத்தாள்.

"முப்பது சதவீதம் ஏத்தறத நானும் ஒத்துக்கலைங்க. ஆனா ஒத்தப் பைசா வேண்டாம்னா சாக்கடையும் வேண்டாம்னுதான் அர்த்தம். அதனால ஒண்ணு கேக்கறேன். பதினாலு வருஷமா இந்த ஊர அளக்கல. இருக்கறவங்க வரி கட்டறாங்க, கணக்குலயே இல்லாதவங்க சும்மா இருக்காங்க. மொதல்ல எல்லாக் கட்டடத்தயும் அளப்போம். ஏத்தறதா வேண்டாமாங்கறத அதுக்குப் பொறவு பேசுவோம்."

அத்தனை நேரம் சந்தைக்கடையாக இருந்த கூடம் சட்டென்று அடங்கியது. எத்தனையோ பேர் மனதுக்குள் தங்கள் வீட்டுக் கார் ஷெட்டையும் பின்பக்கம் இழுத்துக் கட்டிய அறையையும் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

நரசிம்மலு உட்கார்ந்தபடியே, குரலை உயர்த்தாமல், பிரியமாகக் கேட்டார்.

"நல்ல யோசனைங்க அம்மணி. அளந்தா, உங்க ஊட்டு மாடியவும் அளப்பாங்கல்லோ?"

ஜாஹிதாவின் கணவர் அக்பர் அலி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். போத்தனூரில் அவருக்கு மெத்தைக் கடை. ஆறு வருடத்துக்கு முன்னால் வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்பி, உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வரி இன்றைக்கும் கீழ்வீட்டுக்கு மட்டும்தான் வருகிறது. கட்டின புதிதில் ஒரு தரம் ஜாஹிதா அதைக் கேட்டாள். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன் புள்ள" என்றார். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

எனக்குத் தெரியாதுங்களே என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. தெரியும். நன்றாகவே தெரியும். கவுன்சிலருக்கு நிற்கும்போது ஒரு தரம் ஞாபகம் வந்து, யார் கவனிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டதும் தெரியும்.

"அளக்கட்டுங்க" என்றாள். மைக்கை இன்னும் கிட்டே பிடித்துக்கொண்டாள். "மாடி வரிக் கணக்குல வரலைங்க. தப்புதான். செவ்வாக்கெழம மொதல்ல எங்க ஊட்டுல இருந்தே அளக்க ஆரம்பிக்கட்டும்."

அதற்குப் பிறகு கூடத்தில் நடந்ததைக் கூட்டம் என்று சொல்ல முடியாது. கவுன்சிலரே திருடி என்று ஒரு பக்கம் கத்தினார்கள். ஒத்துக்கொண்டவளை ஏன் திட்டுகிறீர்கள் என்று இன்னொரு பக்கம். ஒரு நாற்காலி உடைந்தது. அக்பர் அலி எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

மத்தியானம் வீட்டில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஊரக் கூட்டி வெச்சு மைக்கு புடிச்சு எம்மானத்த வாங்கறதுக்கா உன்னக் கவுன்சிலர் ஆக்குனேன்?"

"அவரு நேராக் கேக்கறாரு. பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பேசாம இருந்திருக்கலாமுல்ல?"

"அத்தா, பேசாம இருந்தா ஆமான்னுதான் அர்த்தம்" என்றாள் ஹிபா. அவர் மகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்றையிலிருந்து அவர் ஜாஹிதாவிடம் பேசவில்லை. சோறு வேண்டுமென்றால் மகளிடம் கேட்டார். சட்டை எங்கே என்று சுவரிடம் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை மானசாவும் பில் கலெக்டரும் டேப்போடு வந்தார்கள். மாடியை அளக்க அரை மணி நேரம் ஆயிற்று. தெருவே எதிர் வாசல்களில் நின்று வேடிக்கை பார்த்தது. மேலே குடியிருந்த பெண், வாடகையை ஏற்றிவிடுவீர்களா அக்கா என்று மூன்று தரம் கேட்டாள். ஏற்ற மாட்டேன் என்று மூன்று தரமும் சொன்ன ஜாஹிதாவுக்கு, வீட்டுக்காரர் அதற்கு என்ன சொல்வார் என்று தெரியாது. கேட்கவும் முடியாது.

அதற்கடுத்த ஏழு வீட்டில் நாலு வீடு பூட்டியிருந்தது. உள்ளே டி.வி. ஓடுகிற சத்தம் கேட்டது. ஐந்தாவது வீட்டில், அளக்கிற நேரம் பார்த்து நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

முத்தாத்தாள் வாசலிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வாங்க சாமி, வாங்க. மாட்டுக் கொட்டாயவும் அளந்துபோடுங்க. சாணிக் குழியும் இருக்குது, உட்றாதீங்க."

பில் கலெக்டர் பழைய பதிவேட்டைப் பார்த்து, டேப்பைப் பார்த்து, மறுபடி பதிவேட்டைப் பார்த்தார். "தெக்கால ரெண்டு ரூமுன்னு போட்டிருக்குதுங்களே, எங்கீங்க?"

"அது புயல் மழைல உழுந்து பத்து வருஷமாச்சு. அங்கதான இப்ப தீவனப்புல்லு போட்டிருக்கறேன்."

மானசா பதிவேட்டை வாங்கிப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. "இவிய இல்லாத ரூமுக்குப் பத்து வருஷமா வரி கட்டிட்டிருக்காங்க மேடம். எச்சாக் கட்டியிருக்காங்க."

தனக்கு வரி குறைகிறது என்று கேட்டால் யாரும் சந்தோஷப்படுவார்கள் என்றுதான் ஜாஹிதா நினைத்தாள். முத்தாத்தாளுக்கு வந்த கோபத்தில் கொட்டகையில் மாடு மிரண்டு எழுந்தது.

"புல்லுக்கு வரி வாங்கித் தின்னிருக்கீங்களே! நான் ஒருத்தி உழுந்த ஊட்டுக்குக் கட்டறேன், நிக்கற ஊட்டுக்காரனெல்லாம் கட்டாம இருக்கறானா? எவெவன் கட்டல, சொல்லுங்க அம்மணி. எனக்கு இப்பவே தெரியோணும்."

எவெவன் என்பதில் முதல் பெயர் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மேற்கே அந்த மில். பதிவேட்டில் 'மூடிய ஆலை, காலிக் கட்டடம்' என்று இருந்தது. உள்ளே ஐந்து ஷெட்டும் கிடங்காகி, பகலெல்லாம் லாரி போய் வந்துகொண்டிருந்தது. மானசா இரண்டு நாள் போனாள். முதலாளி ஊரில் இல்லை, சாவி அவரிடம், என்றான் வாட்ச்மேன். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு லாரி கேட்டைத் தாண்டி உள்ளே போனது.

மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, காலைப் பாலைக் கறந்து ஊற்றிவிட்டு முத்தாத்தாள் நேராக மில் கேட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அவளோடு தெருவிலிருந்து பதினைந்து பெண்கள். லாரி நின்றது. பின்னால் இன்னொரு லாரி. விஷயம் கேள்விப்பட்டு ஜாஹிதாவும் மானசாவும் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பெண்களில் யாரையும் ஜாஹிதா அழைக்கவில்லை. ஆனால் ஒன்பது மணிக்கு நரசிம்மலு காரில் வந்து இறங்கியபோது, அவர் நேராக ஜாஹிதாவிடம்தான் வந்தார்.

"உனக்காக நான் தெருவுல நின்னு பேசுனேன் கண்ணு."

"பேசுனீங்க. நான் மறக்கலைங்க."

"இந்த மில்லு ஓடறப்ப எழுநூறு பேரு வேல செஞ்சாங்க. ஊருக்கே எச்சா வரி கட்டுனது நாந்தேன். அன்னைக்கு எவனும் கைதட்டல. மிசின வித்துக் கடன அடைச்சேன், கூலி பாக்கி ஒருத்தருக்கும் வெக்கல. மிஞ்சுனது இந்தச் சொவருதான். இதயுமா அளக்கோணும்?"

அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. அதுதான் ஜாஹிதாவுக்குப் பெரிய சங்கடம். கெட்டவராக இருந்தால் கோபப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம். வயதான மனிதர், தேர்தலில் கைகொடுத்தவர், நிஜமாகவே மனம் நொந்து நிற்கிறார். பின்னால் பன்னிரண்டு வருடமாக வரி கட்டாத ஐந்து ஷெட்டும் நிற்கிறது.

"நீங்க பட்ட சிரமம் நெசந்தானுங்க. அந்த ஷெட்டுக்கு வாடகை வர்றதும் நெசந்தானுங்களே" என்றாள். "கூலிக்காரங்க தலைல கை வெக்கக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க? உங்க பங்கு வரலைன்னா அது அவிய தலைலதானுங்க விழும்."

முத்தாத்தாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஏனுங் முதலாளி, எனக்குப் பொழுது ஆகுதுங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்" என்றாள். பெண்களில் ஒருத்தி சிரித்துவிட்டாள். நரசிம்மலு வாட்ச்மேனைப் பார்த்துக் கையை அசைத்தார். கேட் திறந்தது. டேப்பின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார், எங்கே தவறாக அளந்துவிடுவார்களோ என்று. ஒவ்வொரு ஷெட்டிலும் அரை அடிக்கு மானசாவோடு சண்டை போட்டார். ஐந்து ஷெட்டை அளந்து முடிக்கச் சாயங்காலமாயிற்று.

பேரூராட்சிக் கூட்டம் அடுத்த வாரம் புதன்கிழமை நடந்தது. மானசா ஆபீஸ் ஆட்களையெல்லாம் இறக்கியும், அதற்குள் பதினைந்தில் நாலு வார்டைத்தான் அளக்க முடிந்திருந்தது. மற்ற வார்டு உறுப்பினர்கள் ஆள் இல்லை, நேரம் இல்லை, டேப் இல்லை என்று காரணம் சொன்னார்கள். ஜாஹிதா நாலு வார்டில் மட்டும் புதிதாகச் சேர்ந்த கட்டடங்களின் பட்டியலைப் படித்தாள். பாதியில் பேரூராட்சித் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மீதியையும் படித்தாள். ஒரு உறுப்பினர், இப்படி அளந்துகொண்டே போனால் அடுத்த தேர்தலில் நம் எல்லாருக்கும் டெபாசிட் போய்விடும் என்று வெளிப்படையாகவே சொன்னார். மூன்று மணி நேரச் சண்டைக்குப் பிறகு, மீதி வார்டுகளை ஆறு மாதத்தில் அளப்பது, அதுவரை முப்பதுக்குப் பதில் பத்து சதவீதம் ஏற்றுவது என்று முடிவாயிற்று. எட்டுப் பேர் கை தூக்கினார்கள். ஜாஹிதாவின் கை எட்டாவது.

முப்பதைப் பத்தாகக் குறைத்தவள் என்று வார்டில் யாரும் சொல்லவில்லை. பத்து ஏற்றினவள் என்றார்கள். முகமது யூசுப் டீ கொடுத்தார், காசும் வாங்கிக்கொண்டார். இதற்கு முன் வாங்கினதில்லை. நரசிம்மலு வழியில் பார்த்தால் கும்பிட்டார், நிற்கவில்லை. முத்தாத்தாள் மட்டும் மறுநாள் காலை வாசலில் வந்து கூப்பிட்டாள். பாராட்டத்தான் வந்திருக்கிறாள் என்று ஜாஹிதா ஆசையாக வெளியே வந்தாள்.

"பத்து வருஷமா எச்சா வாங்குனத எப்பத் திருப்பித் தருவாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க அம்மணி. பாலு ஊத்திப்போட்டு மறுக்கா வாரேன்."

உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அழுவதற்கு நேரமில்லை, ஹிபாவுக்குச் சாப்பாடு கட்ட வேண்டும்.

அன்று பன்னிரண்டு மணிக்கு வாசலில் வண்டி வந்து நின்றது. கடையில் இருக்க வேண்டிய அக்பர் அலி, வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். கையில் ஒரு ரசீது. மாடிக்கான வரியைக் கட்டிவிட்டு வந்திருக்கிறார் என்று அவள் புரிந்துகொள்வதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். பதினோரு நாளுக்குப் பிறகு அவளிடம் பேசுகிறார்.

"என்னடி ஆபீஸ் நடத்தறீங்க? ஒன்னரை மணி நேரம் வரிசைல நிக்கறேன், ஃபேன் இல்ல. கேட்டா கம்ப்யூட்டர் தூங்குதுன்னு சொல்றான். பணங் கட்டறவன நிக்க வெச்சுட்டு அவன் டீ குடிக்கப் போறான். கடசீல பாத்தா அக்பர் அலின்னு போடாம அக்பர் ஆழின்னு போட்டுக் குடுத்திருக்கறான். என்ற பேரத் திருத்தோணும்னா மனு எழுதிக் குடுக்கோணுமாம். இதயெல்லாம் யாரு கேக்கறது? நீதான கவுன்சிலரு?"

ஜாஹிதா ரசீதை வாங்கிப் பார்த்தாள். ஆழி என்றுதான் இருந்தது.

"உக்காருங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்றாள். "மனு நான் எழுதறேன், நீங்க சொல்லுங்க. சித்த மெதுவாச் சொல்லுங்க."

அவர் உட்கார்ந்தார். தண்ணீரைக் குடித்து முடித்து, ஃபேன் இல்லாத விஷயத்திலிருந்து மறுபடி முதலில் ஆரம்பித்தார்.